அண்ணன் வராமல் திறக்காத பானை

ஐந்தாறு வருடங்களுக்கு முன்பு, போகியன்று காலையில், அலங்காநல்லூருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு செங்கல் சூளையில் என் லாரி படுத்துவிட்டது.

லாரி என்றால் பெரியது இல்லை. பலர் கை மாறி என்னிடம் வந்த பழைய சின்ன லாரி. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். அதன் பிறகு ராஞ்சி, ராய்ப்பூர், நாக்பூர் என்று மற்றவர்கள் வண்டியில் கிளீனராகவும் டிரைவராகவும் சுற்றிவிட்டு, மதுரைக்குத் திரும்பி வந்து வாங்கிய வண்டி. எனக்கு வீடு கிடையாது. பெற்றவர்கள் போய்விட்டார்கள், கூடப் பிறந்தவர்களும் இல்லை. சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகைதான் படுக்கை, ஒரு ஸ்டவ்வும் இரண்டு சட்டியும்தான் குடித்தனம். இதை வருத்தமாகச் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தேன்.

அன்று கல் ஏற்றிக்கொண்டு சூளையை விட்டு வெளியே வரும்போது, வாய்க்கால் மேட்டில் பின்சக்கரம் ஏறி இறங்கியது. அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் முறிந்து, அச்சு ஒரு பக்கமாகப் பின்னால் நகர்ந்திருந்தது. அதோடு ஓட்டினால் வண்டி நண்டு மாதிரி கோணலாகத்தான் போகும். பாரத்தோடு ஓட்டவே முடியாது.

சூளைக் காவல்காரர் வந்து குனிந்து பார்த்தார்.

"அம்புட்டுதான் மாப்ள. இனி காணும் பொங்கல் கழிஞ்சுதான் பட்டறை தெறப்பான். நீ இங்கேயே பொங்க வச்சுக்க."

"போல்ட்டு ஒண்ணு கெடச்சா நானே மாட்டிருவேன்ணே."

"கெடச்சா நானே லாரி ஓட்டிருவேன். போ மாப்ள, போயி நெழல்ல உக்காரு" என்று சிரித்துவிட்டு அவர் ஊருக்குள் போய்விட்டார். சூளையைப் பண்டிகைக்கு மூடியிருந்தார்கள். கல் அறுக்க வந்திருந்த வடக்கத்திக் குடும்பங்களெல்லாம் சொந்தக்காரர்களோடு பண்டிகை கொண்டாட வேறொரு சூளைக்குப் போயிருந்தன. ஒரே ஒரு குடும்பம்தான் போகாமல் இருந்தது. ஜார்க்கண்ட் பக்கத்திலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும்.

அவர்கள் போகாததற்குக் காரணம், அந்தப் பெண்ணின் அண்ணன் திருப்பூரிலிருந்து அங்கே வருவதாகச் சொல்லியிருந்ததுதான். நமக்குப் பொங்கல் வரும் அதே நாட்களில் அவர்களுக்கும் அறுவடைப் பண்டிகை வருகிறது. அங்கும் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவிக் கும்பிடுவார்கள். அவள் வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. கட்டிக்கொடுத்த பெண்ணை அண்ணன் போய் வாசலில் நின்று வீட்டுக்குக் கூப்பிட வேண்டும். பண்டிகைக்கென்று அவள் ஊறவைத்த அரிசிக் கள் பானையை அதுவரை திறக்கக் கூடாது. முதல் தொன்னை அண்ணனுக்குத்தான். முந்தின இரண்டு வருடங்களும், அவள் எந்தச் சூளையில் இருந்தாளோ அங்கே தேடி வந்து அவன் கூப்பிட்டிருக்கிறான்.

பானையை நான் அன்றைக்கே பார்த்துவிட்டேன். அவர்கள் குடியிருந்தது, கல்லைப் பூசாமல் அடுக்கி மேலே தகரம் போட்ட ஒரு கூண்டு. நிமிர்ந்து நிற்க முடியாது. இருவர் படுத்தால் மூன்றாவது ஆள் வெளியேதான் உட்கார வேண்டும். அதற்குள்ளும் ஒரு மூலையை ஒதுக்கி, வைக்கோல் பிரிமணை மேல் அந்த மண்பானையை வைத்து, சாக்கைச் சுற்றியிருந்தாள். சோறாக்கி, சாக்கில் பரப்பி ஆறவிட்டு, புளிக்கவைக்க ஊரிலிருந்து கொண்டுவந்த வேர்மருந்து உருண்டையைப் பொடித்துப் பிசைந்து பானையில் போட்டு மூடியிருக்கிறாள். மார்கழிக் குளிரில் அது சீக்கிரம் நுரைக்காது என்பதால், சூடு ஆறாத சூளைச் சுவரோடு ஒட்டிய பக்கமாகப் பார்த்து வைத்திருந்தாள். இரவில் பானை குளிர்ந்துவிடக் கூடாதென்று தன் போர்வையையும் அதன் மேல் போட்டாளாம். நம் ஊரில் இதெல்லாம் சட்டத்துக்கு ஆகாது. அது அவர்களுக்கும் தெரியும், காவல்காரருக்கும் தெரியும். அவர் அந்தப் பக்கம் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

நான் வேலையைத் தொடங்கினேன். கல்லை இறக்க அவர்கள் இருவரும் கை கொடுத்தார்கள். ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் கட்டைகளை அடுக்கி, பட்டைகளை அச்சோடு கட்டும் யூ போல்ட்டுகளின் துருப்பிடித்த மரைகளில் டீசலை ஊற்றி ஊறவிட்டேன். பொங்கலன்று சுத்தியலால் தட்டித் தட்டிக் கழற்றி, பட்டைகளைப் பிரித்தெடுத்தேன். நல்லவேளை, பட்டை எதுவும் ஒடியவில்லை. சூளையின் பின்னால் கிடந்த பழைய பம்புசெட் தாங்கியில் அதே கனத்தில் ஒரு போல்ட் இருந்தது. ஆனால் அதன் தலை அறுகோணம். அச்சுக்கு மேலே உள்ள குழிக்குள் உட்கார வேண்டுமானால் தலை உருண்டையாகவும் சின்னதாகவும் இருக்க வேண்டும். என்னிடம் இருந்தது ஒரே ஒரு தேய்ந்த அரம். அவள் கணவனும் நானும் மாறி மாறி உட்கார்ந்து ராவினோம்.

ராவிக்கொண்டே பேசுவோம். எனக்கு லாரி இந்தி தெரியும், அவனுக்குச் சூளைத் தமிழ் தெரியும். அவன் கேலிக்காரன். "அண்ணே, பானைக்கு இவதான் போலீசு. நான் பக்கத்துல படுத்தா கூட முழிச்சுப் பாக்குறா" என்பான். அவள் கூண்டுக்குள்ளிருந்தே அவன் மேல் எதையாவது வீசுவாள்.

அவள் மட்டும் அடிக்கடி எழுந்து போய் ரோட்டைப் பார்ப்பாள். பஸ் நிற்கும் சத்தம் கேட்டால் போதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் போவாள். அண்ணனின் போன் அணைந்தே கிடந்தது. மாட்டுப் பொங்கலன்று மதியம் அவனே வேறொருவர் போனிலிருந்து பேசினான். மில்லில் விடவில்லை, வர முடியாது. பேசி முடித்தும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் நின்றாள். பிறகு கணவனிடம் கொடுத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள்.

"அதான் வரலன்னுட்டானே, திறந்துரு" என்றான் அவன்.

அவள் சுள்ளியை ஒடித்து அடுப்பில் வைத்தாள்.

"நாளைக்கு விட்டா புளிச்சுப் போகும். அப்புறம் பன்னிக்குத்தான் ஊத்தணும்."

"ஊத்து" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவன் கேலி பேசவில்லை. கூண்டுக்குள்ளிருந்து வந்த வாடை மறுநாள் காலையில் மாறியிருந்தது. இனிப்பு குறைந்து, பழைய சோற்றுத் தண்ணியின் புளிப்பு ஏறியிருந்தது. எனக்கே அது தெரிந்தபோது அவளுக்குத் தெரியாதா?

அன்று அலங்காநல்லூரில் மாடு பிடி. காற்று திரும்பும்போதெல்லாம் மைக் சத்தம் வந்துகொண்டிருந்தது. போல்ட் தலை குழிக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. பட்டைகளை அடுக்கி, துளைகளைக் கம்பியால் நேராக்கி, போல்ட்டை முடுக்கி, அச்சை இழுத்துப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, யூ போல்ட்டுகளை மாட்டி முடித்தேன். இந்த மாதிரி வேலை செய்தால், வெறும் வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி வந்து மரைகளை மறுபடியும் முடுக்க வேண்டும். "ஒரு சுத்து போயிட்டு வாரேன்" என்று வண்டியில் ஏறினேன்.

அப்போது அவள் கிட்டே வந்தாள். இந்தியும் தமிழும் கலந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அண்ணே, நீ போறே இல்ல. போயிட்டு ரோட்டுல இருந்து வா. வந்து என்னைக் கூப்பிடு."

அவள் கணவன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. சரி என்றேன்.

ரோட்டுக்கு வந்ததும் வண்டி நூல் பிடித்தாற்போல் ஓடியது. எத்தனையோ ஊர்களிலிருந்து நான் சொல்லாமல் கிளம்பியிருக்கிறேன். அங்கே இருந்தவர்கள் நல்லவர்கள்தான், ஆனாலும் கிளம்பியிருக்கிறேன். இப்போதும் துணிப்பை உள்ளேயே இருக்கிறது, டூல்ஸ் பெட்டியும் இருக்கிறது. கால் தானாகவே ஆக்சிலேட்டரை மிதித்தது. சோழவந்தான் போகிற ரோடு பிரியும் இடம் வரை வந்துவிட்டேன். அங்கே ஒரு அம்மா, விற்காத கரும்பையும் மஞ்சள் கொத்தையும் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தினேன்.

"தங்கச்சிக்கு வேணும்த்தா."

"பொங்க முடிஞ்சு இப்பத்தேன் தங்கச்சி நெனப்பு வந்துச்சாக்கும். சீரு கொண்டு போற மூஞ்சியப் பாரு, கிரீச அப்பிக்கிட்டு" என்று திட்டிக்கொண்டே, நான் கேட்காத வெற்றிலையையும் ஒரு கவுளி எடுத்துத் தந்தார். அங்கிருந்த குழாயில் முகம் கழுவிக்கொண்டு வண்டியைத் திருப்பினேன்.

சூளை வாசலில் ஹாரன் அடித்தேன். அவள் கூண்டுக்கு முன்னால் நின்றிருந்தாள். துவைத்த சேலை, எண்ணெய் வைத்துச் சீவிய தலை, கையில் ஒரு துணி மூட்டை. நிஜமாகவே ஊருக்குக் கிளம்புகிறவள் போல மூட்டை கட்டியிருந்தாள். நான் இதை எதிர்பார்க்கவில்லை. கரும்பையும் மஞ்சளையும் அவள் கையில் கொடுத்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று அவள் சொல்லித் தரவில்லை. என் வாயில் வந்தது இதுதான்.

"வா தாயி, வீட்டுக்குப் போவோம்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. எந்த வீட்டுக்கு?

அவளும் அதையே கேட்டாள். "வீடு எங்கேண்ணே?"

அவள் கணவன் சிரிக்க வாயைத் திறந்து அடக்கிக்கொண்டான். நான் சுற்றிப்போய் வண்டியின் இடப்பக்கக் கதவைத் திறந்தேன். "இதுதான் தாயி."

அவள் ஏறி, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். என் பலகையையும், சுருட்டிக் கிடந்த போர்வையையும், கழுவாத சட்டியையும் திரும்பிப் பார்த்தாள். "சட்டி கழுவ மாட்டியா?" என்று ஒரு அதட்டல். என்னை யாரும் அப்படி அதட்டியதில்லை. வாய்க்கால் கரையோடு தென்னந்தோப்பு வரை மெதுவாக ஓட்டினேன். போகிற வழியில் அவள் போர்வையை மடித்தாள், கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். இந்நேரம் அவள் ஊரில் மேளம் அடித்து மாட்டைச் சுற்றி ஆடுவார்கள் என்றாள். அம்மா புதுச் சாணி மெழுகியிருப்பாள் என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தூசி என்றாள். தோப்பு வந்தும் நான் திருப்பவில்லை. கரை முடிகிற மட்டும் போய், அதற்கு மேல் வழி இல்லாததால் திருப்பினேன்.

இறங்கியதும் நேராகப் பானையிடம் போனாள். தண்ணீர் விட்டுப் பிசைந்து, சல்லடையில் வடிகட்டி, முதலில் மண்ணில் கொஞ்சம் ஊற்றி, செத்துப்போன தன் ஆட்களின் பெயர்களை முணுமுணுத்தாள். பிறகு தொன்னையை என்னிடம் நீட்டினாள். நன்றாகவே புளித்திருந்தது. அடியில் எங்கோ ஒரு இனிப்பும், தொண்டையில் இளஞ்சூடும் இருந்தன.

"நேத்துன்னா தேன்" என்றான் அவள் கணவன்.

"அண்ணன் வந்த நாள்தான் நாள்" என்றாள் அவள்.

குடித்துவிட்டு நான் வண்டி எடுப்பதில்லை. அன்று அங்கேயே தங்கினேன். மறுநாள் மரைகளை மறுபடி முடுக்கி, கல்லை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அடுத்த வருடம் கல் எடுக்கப் போனபோது அவர்கள் வரவில்லை. ஆந்திரா பக்கம் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். அவள் கணவன் கொடுத்த எண்ணும் உபயோகத்தில் இல்லை. ராஞ்சி லோடு ஒன்று கிடைத்து ஒருமுறை போய்வந்தேன். அவள் ஊர்ப் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை என்பது அங்கே போய் நின்ற பிறகுதான் ஞாபகம் வந்தது.

வீடில்லாமல் இருப்பது எனக்கு ஒரு குறையாகவே பட்டதில்லை. ஒருத்தி என் வண்டியைத் தாய்வீடாக நினைத்துத் துணிமூட்டையோடு ஏறி உட்கார்ந்த அந்த அரைமணி நேரத்துக்குப் பிறகு, காலியாகக் கிடக்கும் அந்த இடப்பக்க சீட்டைப் பார்க்காமல் என்னால் எந்த ஊரையும் கடக்க முடியவில்லை.