திக்காமல் சொன்ன வசனம்

வருஷப்பிறப்பன்று எங்கள் ஊரில் கோயிலுக்குப் போகிறவர்கள் யாரும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. கோயில் என்றால் எங்களுக்கு சர்ச். போதகரை ஐயர் என்போம். வேதக்காரர்களான எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு ஐயர் எதற்கு என்று கேட்டுக் குழம்பிப்போன வெளியூர்க்காரர்கள் உண்டு. ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே, ஆற்றுத் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து பாயும் வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது ஊர். அங்கே எல்லாரும் எங்களைப் போலத்தான் பேசினார்கள் என்பதால், இதில் விசேஷம் ஏதும் இருப்பதாக எனக்குப் பத்து வயதுவரை தெரியாது.

அன்று ஆராதனை முடிந்ததும் ஐயர் ஒரு தாம்பாளத்தில் அட்டைகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு நிற்பார். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் வேதத்திலிருந்து ஒரு வசனம். அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்கென்று கொடுக்கும் வாக்குத்தத்தம் அதுதான். அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு எடுப்பாள். சிலர் மேலே இருப்பதை விட்டுவிட்டு அடியில் விரலை நுழைத்து உருவுவார்கள், ஆண்டவர் நல்லதையெல்லாம் அடியில் ஒளித்து வைத்திருக்கிறார் என்ற எண்ணத்தில்.

நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம் அப்பாவுக்கு வந்த வசனம், போக்கையும் வரத்தையும் காப்பார் என்பது. அப்பா வாழைத்தார் ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். "பாத்தியளா, ஆண்டவரு எனக்குன்னு போக்குவரத்து டிபார்ட்மெண்ட எடுத்துக்கிட்டாரு" என்று கோயில் வாசலிலேயே எல்லாரிடமும் காட்டினார். அன்று மத்தியானமே அதை ஆட்டோவின் முன்கண்ணாடியில் ஒட்டியும் விட்டார். அம்மாவுக்கு வந்தது நீண்ட ஆயுளைப் பற்றிய வசனம். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

எனக்கு வந்தது மிகச் சின்ன வசனம். தேவன் யாருக்குத் தகப்பன் என்று சொல்வது. திக்கற்ற பிள்ளைகளுக்கு என்று போட்டிருந்தது.

அம்மா அதை என் கையிலிருந்து வாங்கிப் படித்தாள். அவள் முகம் மாறிப்போனதைப் பார்த்தேன். என்னை இழுத்துக்கொண்டு மறுபடியும் ஐயர் முன்னால் போய் நின்றாள். "ஐயரே, பிள்ள தெரியாம எடுத்துட்டா. வேற ஒண்ணு எடுக்கட்டுமா" என்று கேட்டாள். ஐயர் அட்டையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது என்ன சீட்டு வெளையாட்டாம்மா, மாத்தி எடுக்க? கர்த்தர் குடுத்ததுல நல்லது கெட்டது உண்டா" என்றார். அம்மா அட்டையைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அவளுடையது பீரோக் கதவில் ஏறியது. என்னுடையதை அதன் பிறகு வீட்டில் எங்கும் காணவில்லை.

அம்மா ஏன் ஒளித்தாள் என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. விளங்கிவிட்டதாக நினைத்தேன். நான் திக்குவாய். வாயைத் திறந்தால் முதல் எழுத்திலேயே வண்டி நின்றுவிடும். அதிலும் த, தி, து வரிசை என்றால் எனக்கு முகமே கோணிப்போகும். பள்ளிக்கூடத்தில் என் பெயர் அநேகமாக யாருக்கும் தெரியாது, திக்குவா என்றால் தெரியும். யாராவது கேலி செய்தால் அப்பா, "அவ யோசிச்சுப் பேசுதா. நீங்கதான் யோசிக்காமப் பேசுதிய" என்பார். அந்த வருஷம்தான் தமிழ் டீச்சர் எங்களுக்கு 'அற்ற' என்றால் 'இல்லாத' என்று சொல்லிக் கொடுத்திருந்தார். குற்றமற்ற என்றால் குற்றம் இல்லாத. பயனற்ற என்றால் பயன் இல்லாத. அப்படியானால் திக்கற்ற என்றால் என்ன? திக்காமல் பேசுகிற பிள்ளைகள். தேவன் அவர்களுக்குத்தான் தகப்பன். ஆண்டவரும் போய்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பக்கம் சேர்ந்துகொண்டாரே என்று எனக்கு மனவருத்தம்தான். ஆனாலும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் வீட்டிலேயே ஒரு தகப்பன் இருந்தாரே.

ஈஸ்டர் கழிந்த சமயம் அப்பாவின் கண் மஞ்சளித்தது. காமாலை என்று கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தார்கள். மஞ்சள் இறங்கவில்லை. சோறு இறங்குவதும் நின்றது. பாளையங்கோட்டையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, வயிற்றில் கட்டி, ஈரலுக்கும் பரவிவிட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். இதைச் சொன்னது அப்பாவின் அக்காவான என் அத்தையிடம். அம்மா காதில் விழும்படிதான் சொன்னார், அம்மா கேட்டுக்கொள்ளவில்லை. அப்பாவை அவருடைய லோடு ஆட்டோவிலேயே மெத்தை விரித்துப் படுக்க வைத்துக் கூட்டி வந்தார்கள். கூட வேலை பார்த்த ஒருவர் ஓட்டினார். போக்கையும் வரத்தையும் காக்கிற வசனம் முன்கண்ணாடியில் அப்படியேதான் இருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு புதுச் சட்டம் வந்தது. வீட்டுக்குள் யாரும் அழக் கூடாது. சந்தேகம் என்ற சொல்லையே எடுக்கக் கூடாது. சந்தேகப்பட்டால் வாக்குத்தத்தம் பலிக்காது என்று அம்மா நம்பினாள். மூக்கைச் சிந்திக்கொண்டு பார்க்க வந்த சொந்தக்காரர்களை வாசலிலேயே நிறுத்தி, "அழுறதுன்னா வீட்டுக்குப் போயி அழுங்க" என்று திருப்பி அனுப்பினாள். நீண்ட ஆயுளின் அட்டையை பீரோவிலிருந்து பெயர்த்து அப்பாவின் தலைமாட்டுச் சுவரில் ஒட்டினாள். அத்தை ஒருநாள் பைய அவளைத் தனியே கூப்பிட்டு, "பிள்ளைக்கிட்ட எதாவது சொல்லி வைக்கணும்லா" என்றாள். "என்ன சொல்லணும்? அவிய எந்திரிச்சு நடப்பாவ. ஆண்டவரு சொகம் குடுத்தாருன்னு கோயில்ல சாட்சி சொல்லுவாவ. நீங்க உங்க வாயால ஒண்ணும் சொல்லாண்டாம்" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு அத்தை அடுப்படியில் குழம்பைக் கிண்டுகிற சாக்கில்தான் அழுதாள்.

நான் சந்தேகப்பட்டேன். அதை இப்போதும் பயத்தோடுதான் சொல்கிறேன். அப்பாவின் கை, என் கையைவிடக் கொஞ்சம்தான் பருமனாக இருந்தது. தாரை ஒற்றைக் கையால் தூக்கி வண்டியில் எறிகிற கை அது. அதைப் பார்த்துவிட்டுச் சந்தேகப்படாமல் இருக்க எனக்கு வழி தெரியவில்லை. அம்மா ஜெபிக்கும்போது என் சந்தேகம் நடுவில் புகுந்து காரியத்தைக் கெடுத்துவிடுமோ என்று வெளியே எழுந்து போய்விடுவேன். அப்படி வாழைத் தோட்டத்தில் போய் உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம்தான் என் அட்டை ஞாபகத்துக்கு வந்தது.

திக்காத பிள்ளைகளுக்குத் தகப்பன் உண்டு. அவ்வளவுதானே. அம்மா என்னவெல்லாமோ செய்துகொண்டிருக்கிறாள், செய்ய வேண்டியவள் நான் அல்லவா? ஆண்டவர் வருஷப்பிறப்பன்றே இதை என் கையில் கொடுத்துவிட்டாரே, நாம் இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டோமே என்று எனக்குப் பதறியது.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தோட்டத்துக்கு ஓடுவேன். வாழைகளைப் பார்த்து அந்த வசனத்தைச் சொல்லிப் பார்ப்பேன். திக்கு இல்லை என்று சொல்லும் சொல்லே தி என்றுதான் தொடங்கியது. தி, தி, தி என்று அங்கேயே நிற்பேன். அதைத் தாண்டினால் தகப்பனில் போய் முட்டிக்கொள்வேன். பாடினால் திக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனால் பாடுவது ஏமாற்று வேலை, ஆண்டவர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று தோன்றியது. மூச்சை முழுசாக இழுத்து, அதை விடும்போது சொல்லை அதன் மேல் ஏற்றிவிட வேண்டும் என்று நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். தோட்டத்துக்குத் தண்ணீர் திருப்ப வந்த அண்ணாச்சி, "ஏட்டி, வாழைகூட என்னட்டி பேச்சு" என்று கேட்டுவிட்டு மண்வெட்டியோடு போனார். கடைசியில் ஒருநாள் வசனம் திக்காமல் வந்தது. மறுபடி சொன்னேன், மறுபடியும் வந்தது. தோட்டத்திலிருந்து வீடுவரை ஒரே ஓட்டமாக ஓடி வந்தேன்.

அந்த வாரம் ஐயர் திருவிருந்து கொடுக்க வீட்டுக்கு வந்தார். படுத்த படுக்கையாக இருக்கிறவர்களுக்கு அப்பமும் திராட்சை ரசமும் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பது வழக்கம். கட்டிலைச் சுற்றி அம்மா, அத்தை, கோயில்காரர்கள் சிலர் நின்றார்கள். அப்பா அப்பத்தை வாயில் வாங்கி வெகுநேரம் வைத்திருந்து விழுங்கினார். முடிந்ததும் ஐயர் என் தலையில் கைவைத்து, "பாப்பா, அப்பாவுக்கு ஒரு வசனம் சொல்லு பாப்போம்" என்றார். திக்குகிற பிள்ளை என்பது அந்த நேரம் அவருக்கு மறந்துபோயிருக்க வேண்டும். "அவளுக்கு வராது ஐயரே" என்று அத்தை குறுக்கே வந்தாள்.

நான் மூச்சை இழுத்தேன். சொன்னேன். ஓர் எழுத்துகூடத் தடுக்கவில்லை.

என் குரல் அவ்வளவு தெளிவாக வந்ததை நானே அன்றைக்குத்தான் கேட்டேன். எல்லாருக்கும் ஆச்சரியம் என்று நினைத்தேன். ஐயர் குனிந்துகொண்டார். அத்தை சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். அம்மா என் தோளைப் பிடித்து வெளியே தள்ளினாள். "போ அங்கிட்டு. யாரு ஒன்ன அதச் சொல்லச் சொன்னா" என்றாள்.

"விடு" என்றார் அப்பா. சத்தமில்லாத குரல். "அவள வையாத. ஏட்டி, இங்கன வா. இன்னொருக்கச் சொல்லு."

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கை சூடாக இருந்தது. மறுபடி சொன்னேன். திக்கற்ற என்பது தடையில்லாமல் வந்தது. தகப்பனில் வந்து மாட்டிக்கொண்டேன். தகப், என்று நின்று, மூச்சு வாங்கி, தகப்பன் என்று முடித்தேன். எனக்கு உயிரே போய்விட்டது.

அப்பா சிரித்தார். அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாளாயிருந்தது. அம்மாவைப் பார்த்து, "பாத்தியா, தகப்பன ரெண்டு தடவ சொல்லுதா. ஒருத்தன் போனாலும் இன்னொருத்தன் இருக்கட்டும்னு" என்றார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அந்த அட்டைய எங்க வச்சிருக்க? எடுத்துக் குடு" என்று கேட்டார். அவள் அசையவில்லை. அவர் மறுபடியும் கேட்டார். அம்மா பீரோவைத் திறந்து, சேலைகளுக்கு அடியில் கைவிட்டு எடுத்து வந்து கொடுத்தாள். "நீ ஒன் வசனத்த வச்சிக்கோ. எனக்கு இதுதான்" என்று சொல்லி அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வசனம் பலித்துவிட்டது என்று எனக்கு நிம்மதி. முதல் தடவை சொன்னதுதானே கணக்கு. அன்று நான் வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது கோயில் மணி கேட்டது. ஒன்று அடித்து, வெகுநேரம் விட்டு அடுத்தது. அது யாரோ இறந்துபோனதற்கு அடிப்பது. யார் வீடோ என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். டீச்சர் வந்து என் பையை எடுத்துக் கொடுத்தபோதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒருத்தி மட்டும் அழாமல் கட்டில் காலடியில் உட்கார்ந்திருந்தாள். சுவரில் நீண்ட ஆயுள் அப்படியே ஒட்டியிருந்தது.

கல்லறைத் தோட்டத்தில் ஐயர் என் வசனத்தைத்தான் படித்தார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அழவில்லை. பிள்ளைக்கு விவரம் பத்தலை என்று யாரோ சொன்னது கேட்டது. நான் அப்போது இரண்டாவது தடவை சொன்னதைத்தான் மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தகப்பனில் திக்கினேனே, அதனால்தான். அப்பா ஏன் இன்னொருக்கச் சொல்லச் சொன்னார்? ஒரு தடவையோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பாரே.

அப்பாவின் மேல் அந்தக் கோபம் எனக்கு வருஷக்கணக்கில் இருந்தது. எட்டாம் வகுப்பில் தமிழ் ஐயா ஒரு பாடத்தின் அருஞ்சொற்பொருளைப் படித்துக்கொண்டே வந்தார். திக்கற்றவர், போக்கிடம் இல்லாதவர், ஆதரவு அற்றவர் என்று சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டார். நான் எழுதவில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கல்லறைத் தோட்டத்தில் வராத அழுகை அன்று வகுப்பில் வந்தது.

அம்மா கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. வருஷப்பிறப்புக்கு இப்போதும் தாம்பாளத்தில் கையை விட்டு ஓர் அட்டை எடுக்கிறாள். படிப்பதில்லை. மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொள்கிறாள். என் அட்டையில் இருந்த அந்தத் தகப்பன் எங்களைக் காப்பாற்றினாரா என்று யாராவது கேட்டால், காப்பாற்றினார் என்று அவள் சொல்வாள். எனக்கு அவ்வளவு உறுதியாகச் சொல்ல வாய் வருவதில்லை. என் தகப்பன் அதை நம்பித்தான் கண்ணை மூடினார் என்பது மட்டும் தெரியும்.

திக்குவது எனக்கு எப்போதோ போய்விட்டது. நானும் இன்று ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர்தான், நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறேன். அந்த ஒரு சொல் மட்டும் இன்னும் சரியாக வருவதில்லை. இரண்டு தடவையாகத்தான் வருகிறது.