காய்ந்த ஆற்றின் அடியில்

யாராவது பேய்க்கதை ஆரம்பித்தால் சிரித்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போகிறவள் நான். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் அளவுக்கருவியை வைத்து உதிரிபாகம் சரிபார்க்கிற வேலை, கையில் பிடித்து அளக்க முடியாத எதையும் நம்பிப் பழக்கமில்லை. அதனால் நீங்கள் நம்பாவிட்டால் கோபப்பட மாட்டேன், வெயில் தலைக்கேறிவிட்டது என்று என் தங்கையே சொல்கிறாள்.

எனக்கும் என் வீட்டுக்காரர் ஸ்டீபனுக்கும் சைக்கிளில் ஊர் சுற்றுகிற பைத்தியம் உண்டு. போன மே மாதம் ஊத்துக்கோட்டை தாண்டி, ஆந்திர எல்லைக்கு அப்பால் மலை இரண்டாகப் பிளந்து நிற்கிற ஒரு காட்டாற்றுக்குப் போனோம். முதல் நாள் மலைப்பிளவுக்கு வெளியே கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு, மறுநாள் காலையில் காய்ந்த ஆற்று மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தோம். உள்ளே ஒரு மடு இருக்கிறது, எந்தக் கோடையிலும் வற்றாது என்று சொல்லியிருந்தார்கள், அதை நம்பித்தான் தண்ணீர் குறைவாக எடுத்துப்போனோம். போய்ப் பார்த்தால் மடு வறண்டு வெடித்துக் கிடந்தது.

உச்சி வெயில். இரண்டு பக்கப் பாறையும் அடுப்பு மாதிரி அனலடித்தது. ஸ்டீபன் திடீரென்று சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"இன்னாங்க, தலை சுத்துதா?"

"ஒண்ணியும் இல்ல ஜெபா. சும்மா குந்திக்கினு இருக்கேன். ஷிப்டுக்கு டைமாச்சில்ல, பஸ் வந்துடும்."

ஷிப்டாவது பஸ்ஸாவது. தொட்டால் உடம்பு கொதிக்கிறது, வேர்வை ஒரு துளி இல்லை. போனில் சிக்னல் இல்லை. ஒரு பாறை நிழலுக்கு இழுத்துப்போய், மிச்சமிருந்த தண்ணீரை அவர் தலையில் ஊற்றினேன். அவர் கண் மேலே செருகியது. ஆண்டவரே, இவரை விட்டுவிடும் என்று வாய்விட்டு அழுதேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம். மேலே மலைக்குள்ளிருந்து வெள்ளம் வருகிற இரைச்சல். எங்கோ மழை பெய்து ஆறு வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அவரைத் தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவர்மேல் கவிழ்ந்து கட்டிப்பிடித்துக்கொண்டேன். இரைச்சல் வளைவைத் தாண்டியது, எங்கள்மேல் ஏறியது. ஒரு சொட்டு நனையவில்லை. ஆனால் குளிர்ந்தது, எலும்பு வரைக்கும் குளிர்ந்தது.

கண்ணைத் திறந்தேன். பாறைச் சுவரில், என் தலைக்கு எவ்வளவோ உயரத்தில், அலையின் வெளிச்சம் நெளிந்துகொண்டிருந்தது. நாங்கள் ஆற்றின் அடியில் இருந்தோம், வேறெப்படிச் சொல்வது? மணலில் மீன்களின் நிழல்கள் போயின, கூட்டம் கூட்டமாக. மேலே பார்த்தால் வெறும் வானம். ஆள் நீளத்துக்கு ஒரு நிழல் மெதுவாக வந்து ஸ்டீபனின் முகத்தைத் தாண்டிப் போனது. எனக்குப் பயமே வரவில்லை. மண்டியிடத்தான் தோன்றியது.

இரைச்சல் கீழே போய் அடங்கியபோது அவர் உடம்பு சில்லென்று இருந்தது. எழுந்து உட்கார்ந்து, "இன்னாத்துக்கு அழுவுற?" என்று கேட்டார்.

சாயங்காலம் தட்டுத்தடுமாறி வெளியே வந்தோம். ஆடு மேய்க்கிற ஒருவர் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். மலையில் மழையா என்று கேட்டேன்.

"மழையா? பொங்கலுக்கு அப்பால இந்தப் பக்கம் ஒரு சொட்டு வுழலம்மா."

ஸ்டீபனுக்கு எதுவும் நினைவில்லை, ஆளும் நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் நைட் ஷிப்டு முடிந்து பகலில் தூங்கும்போது கரண்ட் போய்விடும், ஃபேன் நின்றுவிடும், ஜன்னலும் மூடித்தான் இருக்கும். அப்போது அவர் நெற்றி முடி மட்டும் மெல்ல அசைகிறது. எல்லாம் ஒரே பக்கமாக, ஆறு போய்ச் சேர்கிற கடல் இருக்கிற கிழக்குப் பக்கமாக.