ஆண்கள் பக்கத்துப் பிரசங்க மேடை

எங்கள் கோயில் சுவரில் கன்னத்தை வைத்தால் சித்திரை வெயிலிலும் சில்லென்று இருக்கும். பழைய காலத்துச் சாமியார்கள் கட்டிய மாதா கோயில் அது. சுண்ணாம்பைத் தேய்த்துத் தேய்த்து முட்டை ஓடு மாதிரி ஆக்கியிருந்தார்கள். உள்ளே மெழுகு வாடையும் வௌவால் வாடையும் கலந்திருக்கும். நான் பெண்கள் பக்கம் சுவரோரம் உட்கார்ந்து, கன்னத்தை அதில் ஒட்டிக்கொண்டு, தூணில் தொங்கிய பிரசங்க மேடையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிள்ளைகள் நாங்கள் அதைச் "சாமியார் கூண்டு" என்போம்.

தேக்கு மரம். சுற்றிலும் சிங்கம், காளை, கழுகு, இறக்கை வைத்த சம்மனசு என்று செதுக்கியிருக்கும். மேலே மரத்தாலேயே ஒரு குடை, குடைக்கு அடியில் இறக்கை விரித்த புறா. கோயிலுக்குள் மழையா பெய்கிறது, குடை எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். குரல் மேலே போய்விடாமல் சனங்கள் பக்கம் தள்ளிவிடத்தான் அது என்று அப்பா சொன்னார். அப்படியும் எங்கள் கோயிலில் பாதிக் குரல் மேலே போய்விடும். கூரை அவ்வளவு உயரம், நடுவில் பெரிய குவிமாடம் வேறு. மைக் வராத காலம்.

அப்பா பேர் மிக்கேல். குன்றாண்டார்கோவில் பக்கம் கல் உடைக்கிற வேலை. பாறைக்கு வேட்டு வைத்து வைத்து வலது காது போய்விட்டது. இடது காதில் கொஞ்சம் கேட்கும், அதுவும் கிட்டத்தில் நின்று பேசினால்தான். அவருக்கு ஒரு ஆசை உண்டு. சுற்றுவட்டாரத்தில் எங்கே கோயில் திருவிழா என்றாலும் என்னைக் கூட்டிக்கொண்டு நடப்பார். மற்றவர்கள் தேரைப் பார்ப்பார்கள், அப்பா மேடையைப் பார்ப்பார். எந்தத் தூணில் இருக்கிறது, குடை உண்டா, கூரை ஓடா தளமா என்று பார்த்துவிட்டு, கீழே ஓர் இடத்தில் போய் உட்கார்ந்து காதைச் சாய்ப்பார். கடற்கரைப் பக்கம் ஒரு கோயிலில் மேடையைப் படகு மாதிரியே செய்திருந்தார்கள். இன்னொரு ஊரில் படி சுவருக்குள்ளேயே போகும், சாமியார் கீழே மறைந்து திடீரென்று மேலே முளைப்பார். எனக்கு அதுதான் பிடிக்கும். அப்பா மட்டும், "அழகாத்தான் இருக்கு, கேக்கலியே" என்பார்.

புதுக்கோட்டையில் ராஜா ஆட்சி போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. நான் அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தி வீட்டில் இருந்தேன். அக்கா ஆரோக்கியத்துக்கு அப்போதுதான் கலியாணம் கூடியது. அதற்கு முன் வந்த வரன்களெல்லாம் பேசிப் பேசித் தட்டிப்போயிருந்தன. எங்களில் கலியாணம் கூடினால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம், விக்கினம் ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று பெண் ஊரிலும் மாப்பிள்ளை ஊரிலும் சாமியார் மேடையிலிருந்து வாசிப்பார். வாசித்துவிட்டால் கலியாணம் பாதி நடந்த மாதிரி.

முதல் ஓலை அன்று அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பூசைக்கு வந்தார். வாசித்தார்கள். எனக்கு நன்றாகக் கேட்டது, மேடை எங்கள் தலைக்கு மேல்தானே. அப்பா ஆண்கள் பக்கம் எட்டத்தில் இருந்தார். பூசை முடிந்து வெளியே வந்ததும் அம்மாவின் தம்பி சூசை மாமா அவர் காதில் போய்ச் சொன்னார்:

"என்ன மச்சான், யாரோ விக்கினம்னு சொல்லி சாமியாரு ஓலைய நிறுத்திப்புட்டாரே."

அப்பா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அம்மா ஓடிவந்தாள்.

"ஏன்டா, இப்பத்தான் அந்தப் புள்ளைக்கு ஒண்ணு கூடி வந்திருக்கு. அதுலயா ஒனக்கு வெளையாட்டு?"

"சும்மா சொன்னேங்க்கா. மச்சான் நம்பிருவாருன்னு கண்டனா?"

அப்பாவிடம் இப்படி எதையாவது மாற்றிச் சொல்லி விளையாடுவது ஊரில் எல்லாருக்கும் பழக்கம்தான். அவரும் சிரித்துக்கொள்வார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. வாசித்தாயிற்று என்று அம்மா சொன்னாள், நான் சொன்னேன், அக்காவும் சொன்னாள். "நீங்க சொல்றதெல்லாம் சரித்தான். எங்காதுல விழணும்" என்றார்.

இரண்டாம் ஓலைக்கு அப்பா முன்கூட்டியே போய்ப் பெண்கள் பக்கத்து ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். அந்தக் காலத்தில் ஆணும் பெண்ணும் கலந்து உட்காரமாட்டார்கள். பெண்கள் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். "அண்ணே, முக்காடு போட்டுக்கிட்டு வாங்க, எடம் விடுறோம்" என்றாள் ஒருத்தி. சாமியாருக்கு ஒத்தாசையாக இருக்கும் உபதேசியார் வந்து கையைக் காட்டி அங்கிட்டுப் போகச் சொன்னார். அப்பா எழுந்து போனார். அன்றைக்கும் கேட்கவில்லை.

மாப்பிள்ளை ஊர்க் கோயிலை அப்பா முன்பே பார்த்திருந்தார். எங்கள் கோயிலில் பாதிதான் இருக்கும். ஓட்டுக் கூரை, கட்டையான தூண்கள். ஆனால் அங்கே மேடை ஆண்கள் பக்கம். மூன்றாம் ஓலைக்கு அங்கே போகிறேன் என்றார்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "தாலி கட்டுறதுக்கு முன்னாடி பொண்ணப் பெத்தவரு அங்க போயி நின்னா வேவு பாக்க வந்தாருன்னு சொல்ல மாட்டாங்களா? காது விசயத்த வேற நாம இன்னும் சொல்லல." அதுதான் பயம். பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மாதான் பேசினாள். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். சம்பந்தி அடக்கமான மனுசர் என்று அவர்கள் சந்தோஷமாகப் போயிருந்தார்கள். செவிட்டு வீடு என்று தெரிந்தால் இதுவும் தட்டிப்போகும் என்று அம்மா நினைத்தாள்.

"ஓரமா இருந்துட்டு வந்துர்றேன்" என்றார் அப்பா. அம்மா கடைசியில் சம்மதித்து என்னையும் கூட அனுப்பினாள்.

விடியுமுன்னே நடந்தோம். கூட்டம் உள்ளே போனபிறகு நுழைந்தோம். அப்பா துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மேடைக்கு நேர் கீழே தரையில் உட்கார்ந்தார். நான் எதிர்ப்பக்கம் பெண்களுக்கு நடுவில். அந்த மேடையில் சிங்கமும் இல்லை, கழுகும் இல்லை. வெறும் பலகை, பச்சை வர்ணம் அடித்தது. குடை மட்டும் பெரிது.

சாமியார் ஏறினார். மூன்றாம் ஓலை என்றார். மாப்பிள்ளை பேர், அவர் தாய் தகப்பன் பேர், பிறகு எங்கள் ஊர்ப் பேர். "மிக்கேல், சவரியாயி இவர்களின் மகள் ஆரோக்கியமேரிக்கும்" என்றார். விக்கினம் அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று அவர் முடிக்கவும், அப்பா எழுந்து நிற்கவும் சரியாக இருந்தது.

கோயிலே திரும்பிப் பார்த்தது. ஓலை வாசிக்கும்போது ஒருத்தர் எழுந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். யாரோ "சேசுவே" என்றார்கள். சாமியார் மேடையிலிருந்து குனிந்தார்.

"என்னப்பா, விக்கினம் ஏதும் உண்டா?"

அப்பா துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். காது கேளாதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"இல்லீங்க சாமி. பொண்ணோட தகப்பன் நான். எம்பேரு கேட்டுச்சு. அதான் எந்திரிச்சேன்."

கல் வேலையில் காலையில் பேர் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் எழுந்து நிற்க வேண்டும். அந்தப் பழக்கம். சாமியார், "சரி, உக்காருங்க" என்று சொல்லிவிட்டுப் பிரசங்கத்தை ஆரம்பித்தார்.

பூசை முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா நேராக எங்களிடம் வந்தார். "எப்ப வந்தீங்கண்ணே?" என்றார். வெளியே ஒரே சத்தம். அப்பா தலையாட்டினார். "வீட்டுக்கு வராமயே போயிருவீங்களோ?" என்றார். அதற்கும் தலையாட்டினார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். இனி மறைக்க ஒன்றுமில்லை என்று தோன்றியது.

"அப்பாவுக்குக் காது கேக்காதுங்க. இடது காதுல மட்டும் கொஞ்சம் கேக்கும். வேட்டுச் சத்தத்துல போயிருச்சு. இங்க மேடை ஆம்பளைங்க பக்கம் இருக்கு. அதான் வந்தோம்."

அக்கா கலியாணம் போச்சு என்றே நினைத்தேன். அவர் அப்பாவுக்கு இடது பக்கம் போய், எட்டு வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினார்:

"இத மொதல்லயே சொல்றதுக்கென்னண்ணே? எங்க வீட்டுல எல்லாருமே கத்தித்தான் பேசுவோம். வாங்க, கஞ்சி குடிச்சிட்டுப் போவீங்க."

கலியாணம் நடந்தது. அதற்குப் பிறகு அப்பா ஞாயிறு பூசைக்கு அந்த ஊருக்கே நடந்தார். மேடைக்குக் கீழே அவர் உட்காரும் இடத்தில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள். திரும்பி வந்து, அன்றைய பிரசங்கத்தை யாரும் கேட்காமலே எங்களுக்குச் சொல்வார்.

அறுபதுகளின் கடைசியில், சாமியார் சனங்களைப் பார்த்துப் பூசை வைக்கும்படி பீடத்தைத் திருப்பிப் போட்டபோது அந்த மேடையைக் கழற்றிவிட்டார்கள். பலகை எங்கே போனதென்று தெரியாது. மைக் வந்தது. எல்லாருக்கும் நன்றாகக் கேட்டது. அப்பாவுக்கு மட்டும் இரைச்சலாகக் கேட்டது. ஆனாலும் கால் ஓயும் வரை போய், அந்தத் தூணுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டு வந்தார்.

எங்கள் கோயில் மேடை இன்னும் இருக்கிறது. ஏறத்தான் ஆள் இல்லை. போன மாதம் அக்கா பேத்திக்கு இங்கே மூன்றாம் ஓலை, மாப்பிள்ளை எங்கள் ஊர். சாமியார் கீழே நின்று மைக்கில் வாசித்தார். இப்போது ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று இல்லை, குடும்பமாகப் பெஞ்சில் உட்கார்கிறார்கள். விக்கினம் அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்றபோது கோயிலை ஒரு சுற்றுப் பார்த்தேன். எல்லாரும் உட்கார்ந்தே இருந்தார்கள்.