துலாவுக்கும் இஞ்சினுக்கும் சின்னண்ணை போட்ட கணக்கு

சின்னண்ணை, நீங்கள் போட்ட கணக்குச் சரிவந்திட்டுது. கிணத்தடியிலை இஞ்சின் நிக்குது. உங்களிட்டை வந்து சொல்ல ஏலாதபடியாலை மற்ற ஆக்களுக்குச் சொல்லுறன். பிழையெண்டால் கனவிலை வந்து திருத்துங்கோ.

எங்கடை காணி பண்டத்தரிப்புப் பக்கம். புகையிலையும் மிளகாயும். கிணறு ஒண்டு, பங்கு ரெண்டு. ஒண்டு எங்களுக்கு, மற்றது அம்மாவின்ரை தமையனுக்கு. அந்த மாமா வட்டிக்குக் காசு குடுக்கிறவர். ரெண்டு பங்குக்கும் துலா மிதிச்சது சின்னண்ணைதான். கிணத்துக்கு மேலை கிடக்கிற நீட்டு மரத்திலை ஏறி முன்னுக்கும் பின்னுக்கும் நடக்கவேணும். நடக்க நடக்கப் பட்டை கீழை போய்த் தண்ணியோடை மேலை வரும். ஐயா கீழை நிண்டு பட்டையைப் பிடிச்சு ஊத்துவார். நான் பாத்தியளுக்குத் தண்ணி மாறுவன்.

அதுக்கு முந்தி அண்ணை றோட்டுக் கந்தோரிலை ஒரு இஞ்சினியருக்கு நிலம் அளக்கிற சங்கிலி பிடிச்சவர். அங்கை ஒரு மதகு கட்ட வெளிக்கிட்டவை. மரத்திலை கட்டினால் இப்ப மலிவு, ஆனால் நெடுக மாத்தவேணும். கல்லிலை கட்டினால் இப்ப கைகடிக்கும், பிறகு தொல்லையில்லை. எது நல்லதெண்டு பாக்கிற விதத்தை அண்ணை பக்கத்திலை நிண்டே பிடிச்சுக்கொண்டு வந்திட்டார். பிறகு வாற செலவு எல்லாத்தையும் இண்டையப் பெறுமதிக்குக் கொண்டுவந்து, ஒரே தராசிலை போட்டு நிறுக்கவேணுமாம். அவ்வளவுதானாம்.

ஒருநாள் இறைச்சுப்போட்டு வந்து குசினி வாசல்லை குந்தினவர் எழும்பேல்லை.

"என்ன அண்ணை?"

"மூச்சு முட்டுதடி. படி ஏற ஏலாமல் கிடக்கு."

"ஐயாவிட்டைச் சொல்லுங்கோவன்."

"என்னெண்டு சொல்ல? இருபத்துநாலு வயசுப் பெடியனுக்கு ஏலாதாமெண்டோ? மாமா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். நான் சொல்லேல்லை. கடதாசி சொல்லட்டும்."

தண்ணி இறைக்கிற மண்ணெண்ணெய் இஞ்சின் ஒண்டு வாங்கினால் துலாவாலை இறங்கலாம். அதுக்குத்தான் அண்ணை கலண்டர்த் தாளின்ரை பின்பக்கத்திலை மூண்டு நாள் குந்தியிருந்து கணக்குப் போட்டவர்.

ஞாயித்துக்கிழமை காலமை மாமா வந்து மர வாங்கிலை இருந்தார். அண்ணை தாளை விரிச்சார். இஞ்சின் விலை ஐஞ்ஞூறு. எண்ணெயும் திருத்த வேலையும் வருஷத்துக்கு நாப்பது. துலாவெண்டால் மிதிக்கிற ஆளுக்குக் கூலி நூற்றியிருபது, கயிறு பட்டைக்குப் பன்னிரண்டு. பத்து வருஷச் செலவை இண்டையப் பெறுமதிக்குக் கொண்டுவந்தால் இஞ்சின் எழுநூற்று நாப்பத்தாறு, துலா எண்ணூற்றிப் பத்து. இஞ்சின் அறுபத்துநாலு ரூபாய் லாபம்.

"பொறு," எண்டார் மாமா. "இதிலை ஏன் முப்பத்தொன்பது சதம் எண்டு எழுதியிருக்கு?"

"பத்து வருஷத்துக்குப் பிறகு வாற ஒரு ரூபாய் இண்டைக்கு முப்பத்தொன்பது சதம், மாமா. நூற்றுக்குப் பத்து வட்டி பிடிச்சுப் பாத்தால்."

"அப்ப மிச்சம் அறுபத்தொரு சதம்?"

"மிச்சமில்லை."

"ஆர் எடுத்தவன்?"

"ஒருத்தரும் எடுக்கேல்லை. நீங்கள் இண்டைக்கு முப்பத்தொன்பது சதத்தை வட்டிக்கு விட்டுப் பத்து வருஷம் வட்டிக்கு வட்டி போட்டால் ஒரு ரூபாய் வரும்தானே? அதைத் திருப்பிப் பாருங்கோ."

"வட்டியைத் திருப்பிறதோ! நாப்பது வருஷமாய் வட்டிக்கு விடுறன், ஒருநாளும் அது பின்னாலை நடந்ததில்லை. ஐயோ, என்ரை அறுபத்தொரு சதம்!"

அந்தக் காசு ஒருநாளும் அவரின்ரை மடியிலை இருந்ததில்லை. எண்டாலும் வெத்திலையைத் துப்பிப்போட்டு எழும்பி, வாங்குக்குக் கீழையும் ஒருக்கால் குனிஞ்சு பாத்தவர். நான் குசினிக்குள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சன்.

ஐயாவுக்கு மட்டும் கணக்குப் பிடிபட்டிட்டுது. ஆனால் தன்ரை வழியிலை.

"அப்ப பிந்திக் குடுக்கிறதெல்லாம் மலிவு! இவளின்ரை சீதனத்தை அஞ்சு வருஷம் கழிச்சுக் குடுத்தால் ரூபாய்க்கு அறுபத்திரண்டு சதம்தான் முடியும் என்ன?"

"கணக்குப்படி ஓம் ஐயா. ஆனால் இவளுக்கு அஞ்சு வயசு கூடிப்போமெல்லே."

"அதைத் தாளிலை எழுதாதை," எண்டார் ஐயா.

அதுக்குப் பிறகு கனகாலம் எங்கடை வீட்டிலை ஐயா ஒருத்தருக்கும் நேரத்துக்குக் காசு குடுத்ததில்லை. எண்ணெய்க்காரன் வந்தால் "மாரிக்கு வா, உன்ரை காசு அப்ப இன்னும் மலிஞ்சு கிடக்கும்" எண்டு அவனுக்கே விளங்கப்படுத்துவார்.

வாங்குக்குக் கீழை ஒண்டும் அம்பிடாமல், மாமா திரும்பித் தாளைப் பாத்தார். விரலைக் கொண்டுபோய்க் கூலி நிரையிலை வைச்சார்.

"இது ஆருக்கு? நூற்றியிருபது?"

"மிதிக்கிறவனுக்கு."

"மிதிக்கிறது நீயெல்லே?"

"ஓம், அதுதான்..."

"எங்கடை பெடியன் எங்கடை கிணத்திலை மிதிக்கக் கூலியோ? என்ன மச்சான், பெத்த பிள்ளைக்கு நாட்கூலி எழுதுறியளோ?"

ஐயாவுக்கு வெக்கம் பிடிச்சிட்டுது. "வெட்டடா அதை," எண்டார்.

அண்ணை, "நான் வேறை வேலைக்குப் போனால் அந்தக் காசு வருமெல்லே?" எண்டு ஒருக்கால் கேட்டவர்.

"போகேல்லையே. வீட்டு ஆளுக்கு விலையில்லை," எண்டார் மாமா.

எங்கடை பக்கத்திலை அப்பிடித்தான். மாட்டின்ரை வைக்கலுக்குக் கணக்கு இருக்கும், மகன்ரை முதுகுக்கு இருக்காது. அண்ணை பேனையை எடுத்து நிரையை வெட்டினார். பன்னிரண்டு ரூபாய்க் கயிறு மட்டும் மிஞ்சினது. துலா எழுபத்துநாலு, இஞ்சின் எழுநூற்று நாப்பத்தாறு.

"பாத்தியே, தப்பினம்!" எண்டு மாமா அண்ணையின்ரை முதுகிலை தட்டினார். அண்ணைக்கு இருமல் வந்தது. வெத்திலை காறுதாக்குமெண்டு மாமா தண்ணி எடுக்கச் சொன்னார்.

நான் தண்ணி கொண்டுபோய்க் குடுத்தன். அந்த நேரம் வாயைத் திறந்து "அண்ணைக்கு மூச்சு முட்டுது" எண்டு மூண்டு சொல்லுச் சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை. அண்ணை என்னைப் பாத்துத் தலையை ஆட்டினவர், சொல்லாதை எண்டு. நானும் சொல் கேக்கிற பிள்ளையாய் நிண்டிட்டன். அண்டைக்குப் பாத்து.

அந்தப் புகையிலைப் போகம் முழுக்க மிதிச்சவர். பங்குனியிலை படுத்தார். நெஞ்சு பழுதாம் எண்டு டாக்குத்தர் சொன்னார். பதினாறாம் நாள் போயிட்டார்.

செத்தவீட்டுக்கு வந்த சனம் போக முந்தி மிளகாய்க் கண்டு வாடத் துடங்கினது. மிதிக்க ஆள் கேட்டம். வந்தவன் வருஷத்துக்கு நூற்றியிருபது கேட்டான். சதமும் குறையேல்லை. மாமா தானே போய் அலுமாரிக்குள்ளை இருந்த தாளை எடுத்து, வெட்டின நிரையைத் திருப்பி எழுதுவிச்சார். எழுதினது நான். இஞ்சின் அறுபத்துநாலு ரூபாய் லாபம்.

"கெட்டிக்காரப் பெடியன். அப்பவே சொன்னவன்," எண்டு மாமா அழுதார். உண்மையாய்த்தான் அழுதார். எனக்கு அவரைக் கடிக்கவேணும்போலை இருந்தது.

இஞ்சினை வாங்கிவந்து, திருநீறு பூசித் தேங்காய் உடைச்சு, கயித்தை இழுத்து ஓடவிட்டினம். மத்தியானம் ஆக முந்தியே கிணறு வத்திப்போச்சு. ஊறுமட்டும் இஞ்சினை நிப்பாட்டி வைக்கவேணும். வெயில் பட்டால் சூடேறிப் பழுதாப்போமெண்டு மாமா ஓடிப்போய்க் குடை கொண்டுவந்து, இஞ்சினுக்குப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். ஐயா ஈரச் சாக்குப் போத்தார். "களைச்சுப்போச்சு பாவம், கொஞ்சம் ஆறட்டும்," எண்டார்.

நான் மிளகாய்க்குள்ளை இருந்து சிரிக்கத் துடங்கினன். சிரிப்பு நிக்கேல்லை. அம்மா ஓடிவந்து என்ரை தலையிலை தண்ணி ஊத்தினா.

இதை வாசிக்கிற ஆக்கள் கோயிலுக்குப் போறனீங்களோ, மாதா கோயிலுக்குப் போறனீங்களோ, எனக்குத் தெரியாது. எங்கை போனாலும் என்ரை சின்னண்ணைக்காக ஒருக்கால் கும்பிடுங்கோ. அவரை மேலை ஒரு வேலைக்கும் கூப்பிடவேண்டாமெண்டு கேளுங்கோ. காலை நீட்டிப் படுத்து, நல்லாய் மூச்சு விடட்டும்.