அடுப்புக்கு மேலே வைத்த மடிக்கணினி

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஆறாவதாக மூத்தவனின் மகளையும் வளர்த்தேன். படித்தது தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஒரு நாள்கூட, காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் பிந்திப் போனதில்லை. யாரிடமும் மன்னிப்புக் கேட்டதுமில்லை.

பேத்தி மடிக்கணினியில் நிரல் எழுதுகிறாள். அது யாருக்கும் சொந்தமில்லாத மென்பொருளாம். பல நாட்டு ஆட்கள் கூலி வாங்காமல் சேர்ந்து எழுதுகிறார்களாம். அவள் எழுதியதை அவர்கள் ஏற்றுக்கொண்டால், அதைக் காட்டிக் கொழும்புக் கம்பெனி ஒன்றில் வேலை எடுக்கலாம். வீட்டிலிருந்தே செய்யும் வேலை. வெள்ளிக்கிழமைக்குள் காட்ட வேண்டும். இல்லையென்றால் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவாள். அவள் தாயும் அப்படித்தான் போனாள். இரண்டு வருஷம் போனில் குரல் வந்தது. பிறகு அதுவும் இல்லை.

மூன்று முறை அனுப்பினாள். மூன்று முறையும் திரும்பி வந்தது.

“பிழையா எழுதிட்டியா?” என்று கேட்டேன்.

“வேலை செய்யுதுங்க அப்பாயி. எழுதின முறைதான் சரியில்லையாம். ஓரத்துல நாலு எடம் விடணும். என்னோடதுல ஒரு வரியில மூணு, ஒரு வரியில ஆறு. வரி முடிஞ்ச பொறகும் வெறும் எடம் நிக்குதாம்.”

“வெறும் எடத்தையுமா எண்ணுறானுக? வேலவெட்டி இல்லாதவனுக!”

“மெஷின்தான் எண்ணுது. நூறு பேர் எழுதினாலும் ஒராள் எழுதின மாதிரி இருக்கணுமாம்.”

வாயால் திட்டினேனே தவிர, அந்தச் சட்டம் எனக்கு உடனே விளங்கியது. கொழுந்து எடுக்கும்போது செடிக்கு மேல் மட்டக்கம்பைக் கிடத்தித்தான் எடுப்போம். எத்தனை பேர் கை பட்டாலும் மலை ஒரே மட்டமாக இருந்தால்தான் அடுத்து வருகிறவளுக்குக் கொழுந்து தெரியும்.

“நாலு எண்ணித்தாங்க தட்டுறேன். ஒண்ணு கூடுது, ஒண்ணு கொறையுது. எனக்கு இது வராதுங்க அப்பாயி,” என்றாள். அன்றைக்கே குவைத்துக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டுக்குப் போன் எடுத்தாள்.

அவள் கையில் குறையில்லை என்று எனக்குத் தெரியும். போன மாதம் மழை விடவேயில்லை. லயத்து வீட்டுச் சுவர் வேர்த்தது, உடுப்பெல்லாம் பூஞ்சணம். அவள் ராகலை டவுனுக்குப் போயிருந்த நேரம், மடிக்கணினியைத் துவாயில் சுற்றி, நனைந்த சுவெட்டர்களைக் காயவைக்கும் அடுப்புப் பரணில் வைத்தேன். ஈரம் ஏறிவிடக் கூடாது என்றுதான் வைத்தேன். இறக்கியபோது துவாய் சுட்டது. எழுத்துக் கட்டைகளுக்குக் கீழே இருக்கும் நீளக் கட்டை ஒரு பக்கம் தொய்ந்திருந்தது. கரியைச் சேலைத் தலைப்பால் துடைத்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

நேற்று அவள் குவைத் போவதற்கான மெடிக்கல் சோதனைக்காக நுவரெலியாவுக்குப் போனபோது, அதைத் தூக்கிக்கொண்டு ராகலையில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் போனேன்.

“ஆச்சி, இதென்ன கருவாடா, பொகையில போட?” என்றார். “எடம் விடுற கட்ட உள்ளுக்கு ஒட்டியிருக்கி. ஒருக்காத் தட்டினா ரெண்டு மூணு விழும். இல்லாட்டி விழவே விழாது.”

“மாத்துங்க நானா.”

“சாமான் கொழும்புலருந்து வரணும். ஒரு கெழம போகும்.”

கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்து, மேசைக்கடியிலிருந்து பழைய கீபோர்ட் ஒன்றை இழுத்தார். “இதெ வெளியால சொருகித் தட்டச் சொல்லுங்க. வேல முடிஞ்சாத் திருப்பித் தாங்க.”

அது என் தலையணைக்கடியில் கிடக்கிறது. கொடுத்தால் ஏன் என்று கேட்பாள். பஸ்ஸில் பத்துத் தரம் சொல்லிப் பார்த்தேன். அவளைக் கண்டதும் சோறு போடப் போய்விட்டேன். அதனால்தான் நேற்றிலிருந்து இதை எழுதுகிறேன்.

இன்று வியாழக்கிழமை. அவள் உடுப்புகளைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். நாளைக்குப் பாஸ்போர்ட்டை ஏஜெண்டிடம் கொடுத்துவிடுவாள். நாலாவது முறையும் திரும்பி வரலாம். அது எனக்குத் தெரியாது. ஆனால் தனக்கு வராது என்று நம்பிக்கொண்டு அவள் போகக் கூடாது. கெடுத்தது நான்.

“கண்ணு, அந்தப் பையக் கீழ வையி. இங்க வந்து உக்காரு. அப்பாயி எழுதினத எனக்கு வாசிச்சுக் காட்டு. சத்தமா வாசி.”