ஏரியா மலையா: நூற்று இருபது சென்டிமீட்டர் கோடு

அப்புக்குட்டி, எங்கே போவது என்று நீயும் தங்கச்சியும் சண்டை போட்ட இரண்டு இடத்துக்கும் போய்விட்டு வந்தோம்.

படிக்கிறவர்களுக்கு முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பினாங்குத் தீவில், பத்து ஃபெரிங்கி கடற்கரையில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிற வேலை எனக்கு. பதினோரு வருடமாகச் செய்கிறேன். ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. என் நாத்தனார் மகள் கெலுகோரில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், இணையத்தில் சொந்தமாகப் பக்கம் வைத்திருக்கிறாள். "அத்தே, லீவுக்கு ஏரிக்குப் போறதா மலைக்குப் போறதான்னு எல்லாரும் கேக்குறாங்க. நீங்க ரெண்டும் பார்த்துட்டீங்கல்ல, எழுதிக் குடுங்க லா" என்றாள். நோட்டில் எழுதிக் கொடுக்கிறேன். அவள் தப்பைத் திருத்தி ஏற்றுகிறாள்.

அப்பு என் மகன். எட்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அதற்கு இரண்டு மாதம் முன்னால் என் ஹோட்டல் முகப்பிலிருந்து இரண்டு விளம்பரத் தாள்கள் கொண்டுவந்து கொடுத்திருந்தேன். ஒன்று ஏரிக்கரையில் இருக்கிற தண்ணீர் விளையாட்டுப் பூங்கா. இன்னொன்று மலை உச்சியில் இருக்கிற ராட்டினப் பூங்கா. இரண்டிலும் தங்கும் விடுதி உண்டு. அப்பு மலைதான் வேண்டும் என்றான். அவனைவிட இரண்டு வயது சின்னவள் ஷாமினி ஏரி என்றாள். மலையில் பெரிய ரோலர் கோஸ்டர் ஏற நூற்று இருபது சென்டிமீட்டர் உயரம் வேண்டும் என்று தாளிலேயே போட்டிருந்தது. சமையலறைக் கதவு நிலையில் நிற்கவைத்து அளந்தோம். நூற்றுப் பதினேழு.

"இன்னும் மூணு சென்டிமீட்டர் வளருடா, மலைக்குப் போலாம்" என்றார் அவன் அப்பா. அன்றிலிருந்து அப்பு ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்க ஆரம்பித்தான். அந்தப் பென்சில் கோடு இன்னும் கதவில் இருக்கிறது.

இரண்டாம் வருடத் திதி முடிந்த பிறகு, பள்ளி விடுமுறையில் கிளம்பினோம். பக்கத்து நாட்டுக் காட்டுத்தீயால் எல்லா இடமும் புகைமூட்டமாக இருந்ததே, அந்த வருடம். என் வீட்டுக்காரர் மாக் மண்டினில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறார். முதலாளியின் வேனை மூன்று நாளுக்குக் கேட்டு வாங்கினார். ஜெலுத்தோங் அடுக்குமாடியிலிருந்து காலை ஆறேகாலுக்குப் புறப்பட்டோம். கடல் பாலத்துக்கு ஏழு வெள்ளி, அதாவது ரிங்கிட்; தீவுக்குத் திரும்பும்போதுதான் வாங்குவார்கள். பாலத்தின் நடுவில் போகும்போது முன்னாலும் கரை தெரியவில்லை, பின்னாலும் தெரியவில்லை. வானமும் கடலும் ஒரே சாம்பல் நிறம். ஷாமினி மட்டும் பின்சீட்டில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். "நடுவுல உக்காரு, பெல்ட் இருக்கு" என்றேன். "பரவால்லம்மா" என்றாள்.

ஏரிப் பூங்கா அக்கரையில் பட்டர்வொர்த்திலிருந்து தெற்கே எழுபத்திரண்டு கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரம் ஆனது. நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் செம்பனைத் தோட்டத்துக்குள் பத்து நிமிடம் போகவேண்டும். பலகை சின்னதாக இருக்கும், வேகமாகப் போனால் தவறவிட்டுவிடுவீர்கள்.

விடுதி முகப்பில் மலாய்க்காரப் பெண் ஒருத்தி, "எம்பாட் ஓராங்?" என்று கேட்டாள். நான்கு பேரா என்றுதான் கேட்டாள். வேனில் பெட்டி நிறைய இருந்ததைப் பார்த்துக் கேட்டாளோ என்னவோ. நான் யோசிக்காமல், ஆமாம், இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளை என்றேன். ஆறு வருடம் சொல்லிப் பழகிய வாய். சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். மாற்றிச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. ஷாமினி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறைக்கு நூற்று நாற்பத்தெட்டு வெள்ளி, கூடுதல் கட்டிலுக்கு இருபத்தைந்து. அறை சுத்தம். இதை நான் சொன்னால் நம்பலாம். கட்டிலுக்கடியில் கை விட்டுப் பார்த்தேன், தூசி இல்லை. நான்கு துண்டு வைத்திருந்தார்கள், மடிப்புக் கலையாமல்.

புகையால் கூட்டமே இல்லை. பெரிய சறுக்குமரத்தில் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மேலே படிக்கட்டு புகைக்குள் போய் மறைந்துவிட்டது. ஒலிபெருக்கியில் பிள்ளைகள் பாட்டு போட்டிருந்தார்கள், கேட்பதற்குப் பிள்ளைகள்தான் இல்லை. யாராவது வருவார்கள் என்று சறுக்குமரத்தின் அடியில் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீர்தான் வந்தது.

மறுநாள் காலை ஆறரைக்கு எழுந்தேன். கூடுதல் கட்டிலில் யாரோ படுத்திருந்த மாதிரி இருந்தது. ஷாமினி பக்கத்துக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கட்டிலைப் பார்த்தால் யார் படுத்திருந்தது என்று எனக்குத் தெரியும், அதுதானே என் தொழில். போர்வையைக் காலால் உதைத்துக் கால்மாட்டில் சுருட்டியிருந்தது. தலையணை இரண்டாக மடித்திருந்தது. என் வீட்டில் ஒரே ஒரு ஆள்தான் தலையணையை அப்படி மடிப்பான். குளியலறையில் நான்காவது துண்டு ஈரமாகத் தொங்கியது.

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. தலையணையை நீவிவிட்டு வெளியே வந்தேன். ஏரிக்கரைச் சாப்பாட்டுக்கடை பாய்க்கு அறுபது வயது இருக்கும், பினாங்குக்காரர். மூன்று மைலோ கேட்டேன்.

"மூணா? ரெண்டு போதும்மா. உங்க பையன் ஆறு மணிக்கே வந்து ஒண்ணு குடிச்சிட்டுப் போயிட்டான். மஞ்ச மழைக்கோட்டு. பேசவே மாட்டேங்குறான், ரொம்ப வெக்கம் போல."

அப்புவிடம் மஞ்சள் மழைக்கோட்டு ஒன்று இருந்தது.

"எந்தப் பக்கம் போனான் பாய்?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டேன் என்பதை இப்போது எழுதவே கை கூசுகிறது. பாய் ஏரிப் பக்கம் கை காட்டினார். அங்கே புகைதான் இருந்தது.

பத்து மணிக்கு அறையைக் காலி செய்தோம். மலைக்கு அங்கிருந்து நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர், நான்கரை மணி நேரம். ஈப்போவில் வண்டிக்கு எண்ணெய் போட்டுக்கொள்ளுங்கள், மலைப்பாதையில் கடை கிடையாது. கடைசி முப்பது கிலோமீட்டரும் வளைவுதான், வாந்தி எடுக்கிற பிள்ளைகளுக்கு முன்சீட்டு கொடுங்கள். மேலே போகப் போகப் புகை குறைந்து மேகம் வந்தது. பேருக்குத்தான் வித்தியாசம், எதிரில் வரும் வண்டி இரண்டிலும் தெரியவில்லை. வழி முழுவதும் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஷாமினி அதே ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மலை விடுதியிலும் நான்கு பேர் என்றேன். இந்தத் தடவை தெரிந்தே சொன்னேன். வந்தவன் போய்விடக்கூடாதே என்று. அறை நூற்றுத் தொண்ணூறு வெள்ளி. பூங்காவுக்குள் போகப் பெரியவருக்கு இருபத்தெட்டு, பிள்ளைக்குப் பதினெட்டு. சுவரில் ஈரம் ஊறியிருக்கிறது, போர்வையில் பூஞ்சை வாசம். ஆனால் வெந்நீர் நன்றாக வரும்.

வீட்டுக்காரர் ஷாமினியைக் கூட்டிக்கொண்டு முன்னால் போனார். நான் துணிகளை எடுத்து வைத்துவிட்டு நாலரைக்குப் போனேன். அவர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தபடியே அசந்து தூங்கிப்போயிருந்தார். நான்கரை மணி நேரம் வண்டி ஓட்டிய அசதி. ஷாமினியைக் காணோம். தேடிக்கொண்டே ரோலர் கோஸ்டர் வாசலுக்கு வந்தேன். கம்பி மேலே ஏறி மேகத்துக்குள் போய்விடுகிறது, பெட்டி ஓடும் சத்தம் மட்டும் தலைக்கு மேல் கேட்கிறது. வாசலில் தமிழர் ஒருவர் நின்றார், தோட்டப்பக்கத்துப் பேச்சு. பக்கத்தில் மரத்தில் செய்த கரடி ஒன்று, உடம்பில் அளவுக் கோடுகளோடு, கையை நீட்டிக்கொண்டு நின்றது. அந்தக் கையில்தான் தலை முட்ட வேண்டும்.

"அண்ணே, ஒரு பொம்பளப் பிள்ளைய பார்த்தீங்களா? எட்டு வயசு."

"பொம்பளப் பிள்ள யாரும் வரலக்கா. ஒரு பையன்தான் உயிர எடுக்குறான். மூணு தடவ வந்து அளந்துட்டான். நூத்திப் பதினேழு. 'போய் சோறு தின்னுட்டு வாடா, நாளைக்கி வளந்துருவ'ன்னு வெரட்டிட்டேன். போன வேகத்துல திரும்பி வந்து நிக்கிறான். குதிகால தூக்குறான் கள்ளப்பய."

"நூத்திப் பதினேழா?"

"அளவு தப்பாதுக்கா. ஏன், உங்க பையனா?"

நான் பதில் சொல்வதற்குள் மேகம் கொஞ்சம் நகர்ந்தது. கரடியின் கைக்கு அடியில் மஞ்சள் மழைக்கோட்டுப் போட்டு, தலைமூடியை இழுத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பிள்ளை நின்றது. குதிகால் தரையில் இல்லை.

"அப்பு" என்று கூப்பிட்டேன்.

"என்னம்மா" என்று பிள்ளை திரும்பியது.

ஷாமினி.

அந்தப் பெயருக்கு அவள் திரும்பினாள். கொஞ்சங்கூட யோசிக்காமல், அது தன் பெயர் மாதிரியே திரும்பினாள். என் வாழ்க்கையில் நான் பயந்ததெல்லாம் ஒரு பக்கம், அந்த ஒரு நொடி ஒரு பக்கம்.

பெஞ்சில் உட்காரவைத்துத் தலைமூடியை எடுத்துவிட்டேன். கோட்டு அவளுக்குச் சரியாக இருந்தது.

"இத எங்க எடுத்த?"

"உங்க அலமாரியில."

"எதுக்கும்மா?"

"நீங்க நாலு பேருன்னு சொன்னீங்கல்ல. ஒரு ஆளு கம்மின்னு அவங்க கண்டுபிடிச்சா உங்கள ஏசுவாங்க. அதான் அண்ணனா நானே இருந்தேன்."

"துண்டு?"

"நான்தான் நனைச்சேன். நீங்க எண்ணுவீங்கன்னு தெரியும். தலகாணியும் நான்தான். காலையில தலகாணிய பார்த்துட்டு நீங்க சிரிச்சீங்கம்மா. நான் முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன். நீங்க சிரிச்சு எவ்ளோ நாளாச்சு."

"வேன்ல ஏன் ஓரமா உக்காந்த?"

"நடுவுல உக்காந்தா அண்ணனுக்கு எடம் இல்லல்ல."

இரண்டு வருடமாக நான் செய்த தப்பு அப்போதுதான் உறைத்தது. இல்லாத பிள்ளைக்கு இடம் வைத்துக்கொண்டே இருந்தேன். இருக்கிற பிள்ளை ஓரமாக நகர்ந்து நகர்ந்து, கடைசியில் தன்னையே காலி செய்துவிட்டு அவனுக்குக் கொடுத்திருக்கிறாள். நானும் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

"அந்தக் கரடிகிட்ட எத்தன தடவ போன?" என்று மட்டும் கேட்டேன்.

"ரெண்டு தடவம்மா."

வாசல்காரர் மூன்று என்றார். மிச்சம் ஒரு தடவை நின்றது யார் என்று எண்ணிப் பார்த்தால் எனக்குக் கணக்கு ஒத்துவரவில்லை. அவரிடம் திரும்பப் போய்க் கேட்கவும் இல்லை. மேகத்தில் அவருக்கும் சரியாகத் தெரிந்திருக்காது.

வீட்டுக்காரரை எழுப்பிச் சொன்னேன். அவர் ஷாமினியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். எட்டு வயதுப் பிள்ளையை. விடுதி முகப்புக்குப் போய், நாங்கள் மூன்று பேர்தான் என்றேன். அங்கிருந்த பெண் சிரித்துக்கொண்டே திருத்தினாள். பணியாள் வந்து கூடுதல் கட்டிலை மடக்கி எடுத்துப் போனார். நான்காவது துண்டை என் கையாலேயே மடித்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலை, "உனக்கு எது புடிச்சிருக்கு? உனக்குத்தான் கேக்குறேன்" என்றேன்.

"ஏரி. நான் அப்பவே ஏரின்னுதான் சொன்னேன்" என்றாள். கொஞ்சம் கோபமாகவே சொன்னாள். எனக்கு அந்தக் கோபம் இனித்தது.

அதனால் திரும்பும் வழியில் மறுபடி ஏரியில் இறங்கினோம். நாள் சீட்டு பெரியவருக்குப் பதினைந்து, பிள்ளைக்கு எட்டு. மூன்று சீட்டு. பாய் எங்களைப் பார்த்ததும், "என்னம்மா, பையன் எங்க?" என்றார்.

"எனக்குப் பையன் இல்ல பாய். இருந்தான். ரெண்டு வருஷமாச்சு."

பாய் கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தார். ஷாமினி எட்டிப் பார்த்து, "அது நான்தான் பாய். பேசுனா கண்டுபிடிச்சிருவீங்கன்னு பேசல" என்றாள்.

"அட கள்ளி! நான் உன்னப் போய் வெக்கப்படுற பயன்னு நெனச்சேனே" என்று அவளுக்கு மைலோவை மேலிருந்து இழுத்து ஆற்றிக் கொடுத்தார். பிறகு அவள் பெரிய சறுக்குமரத்தில் ஏறினாள். படிக்கட்டில் போய்ப் புகைக்குள் மறைந்தாள். நான் அடியில் நின்றுகொண்டு, "ஷாமினி! ஷாமினி!" என்று அவள் பெயரையே விடாமல் கூப்பிட்டேன். அலறிக்கொண்டு வந்து தண்ணீரில் விழுந்தாள். பதினான்கு தடவை.

இனி உங்களுக்கு. பிள்ளை நூற்று இருபதுக்குக் கீழே என்றால் ஏரிதான். மலையில் பாதி ராட்டினத்தில் ஏற்றமாட்டார்கள், அங்கே போய்ப் பிள்ளை அழும். வீட்டிலேயே அளந்துவிட்டுப் போங்கள், செருப்பைக் கழற்றி. மலைக்கு முழுக்கைச் சட்டையும் சொந்தப் போர்வையும் வேண்டும். ஏரிக்கு வார நாளில் போங்கள். இரண்டுக்கும் ஒரே பயணத்தில் போகாதீர்கள், வண்டி ஓட்டுகிறவர் பாவம். முகப்பில் எத்தனை பேர் என்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன் ஒரு தடவை திரும்பி, பக்கத்தில் நிற்கிறவர்களைப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஷாமினியைக் கதவு நிலையில் நிற்கவைத்து அளந்தோம். உன் பென்சில் கோட்டின் மேலேயே சரியாக வந்தது, அதனால் பக்கத்தில் தனியாக அவளுக்கு ஒரு கோடு போட்டோம். அடுத்த வருடம் அவள் உன்னைத் தாண்டிவிடுவாள் அப்பு. மஞ்சள் மழைக்கோட்டு அவளுக்குப் பத்தாது. அந்தக் கரடிக்குப் பக்கத்தில் மூன்றாவது தடவை நின்றது நீதான் என்றால், ஒன்றே ஒன்று அம்மாவுக்குச் சொல்லு: உனக்கு இப்போது எத்தனை சென்டிமீட்டர்டா?