தழும்பு மாறிய முத்திரை

ஏசம்மாள் அழுது நான் பார்த்ததில்லை. அடுத்த வீட்டுக்காரி நான். அழுதிருந்தால் எனக்குக் கேட்காமலா போகும்? ரங்கூனில் குண்டு விழுந்த செய்தி வந்தபோதும், புருஷன் ஞானராஜிடமிருந்து கடுதாசி நின்றுபோனபோதும், அவள் பாட்டுக்கு நெல் அவித்துக்கொண்டிருந்தாள். கல்நெஞ்சுக்காரி என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் பாதிப் பேர் சொன்னார்கள். மீதிப் பேர் நினைத்தார்கள்.

ஞானராஜ் ரங்கூனில் அரிசி மில்லில் வேலை பார்த்தவர். பர்மாவிலிருந்து நடந்தே தப்பியவர்கள் ரயிலில் வந்து இறங்கத் தொடங்கியதும், இருந்த ஒரே போட்டோவை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் எலியேசரிடம் வந்தாள். அவருக்கு ஆபீஸ் முத்திரை செதுக்குகிற தொழில்.

"அண்ணே, இது கைமாறினா கிழிஞ்சிரும். இந்த மூஞ்சிய ரப்பர்ல வெட்டித் தாங்க. தாள்ல அடிச்சு, வாரவிய கையில குடுத்து விசாரிப்பேன்."

சண்டைக் காலத்தில் ரப்பருக்கு எங்கே போவது? பழைய பூட்ஸ் ஒன்றின் குதிகாலை அறுத்தெடுத்தார். போட்டோ மேல் எண்ணெய்த்தாளை வைத்து முகத்தை வரைந்தார். அந்தத் தாளைக் கவிழ்த்து ரப்பரில் ஒற்றினால்தான் அச்சு நேராக விழும். எழுத்தென்றால் தூக்கத்தில்கூடத் தப்பமாட்டார். முகத்துக்கு எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ, தாளை நிமிர்த்தியே வைத்துக் கத்தியை ஓட்டிவிட்டார். அடித்துப் பார்த்தால் மூக்கு, மீசை எல்லாம் ஞானராஜேதான். இடது புருவத்தில் பனங்கருக்கு கிழித்த தழும்பு மட்டும் வலது புருவத்துக்கு மாறியிருந்தது.

"அட மரத்தலை மனுசா!" என்று கத்தினேன்.

"நாளைக்கே வேற வெட்டித் தாரேன் தாயி" என்றார் அவர்.

ஏசம்மாள் செத்த நேரம் அச்சைப் பார்த்தாள். "வேண்டாம்ணே. இருக்கட்டும்."

அதன் பிறகு ரயில் வரும்போதெல்லாம் கஞ்சித் தூக்கோடு ஸ்டேஷனில் நின்றாள். துணைக்கு நானும் போவேன். இறங்கினவர்களிடமும், ராஜபாளையம் போகிறவர்களிடம் ஜன்னல் வழியாகவும் தாளை நீட்டுவாள்.

"பாத்தேன் தாயி. மாண்டலேயில நல்லாருக்காவ."

"தழும்பு இந்தப் பக்கந்தானா?"

"ஆமா, இதே பக்கந்தான். பின்னால வாராவ."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆட்கள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளோ கஞ்சி ஊற்றிக்கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போவாள்.

"ஏட்டி, பொய்யின்னு தெரிஞ்சும் எதுக்கு ஊத்துத?"

"இவியளுக்கும் பசிக்குமில்லா, மதினி. இவிய யாரும் அவியளப் பாக்கல. எனக்கு அது போதும்."

அப்போதுதான் அவள் மனசு எனக்குப் புரிந்தது. யாராவது உண்மையாகவே பார்த்து, கெட்ட சேதியோடு வந்துவிடுவார்களோ என்றுதான் அவளுக்குப் பயம்.

ஒரு நாள் சாயங்காலம், காலில் துணி சுற்றிய ஒருவர் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "தப்பா அடிச்சிருக்கே தாயி. ஞானராஜ் அண்ணனுக்குத் தழும்பு இடது புருவத்துல" என்றார். "வழியில காச்ச கண்டுட்டு. கண்ண மூடிவிட்டது நாந்தான்."

"சரி" என்றாள் ஏசம்மாள். "கஞ்சி குடிங்க." ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினாள்.

நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். முத்திரையையும் போட்டோவையும் எலியேசர் முன்னால் வைத்தாள். நானும் அவரும்தான் அழுதோம்.

"ஞாயித்துக்கிழமை வேதக்கோயில்ல அவிய மூஞ்சி போட்ட நினைவுச் சீட்டு குடுக்கணும்ணே" என்றாள். "இந்தத் தடவ தாளைக் கவுத்து வச்சு வெட்டுங்க."